கரடிக்கும் யானைக்கும் சண்டை

தி. நகரில் எதிரெதிரே குழந்தைகள் துணிக்கடைகள் இரண்டு இருந்தன. இவர்கள் வாசலில் பலூன் கொடுத்தால் அவர்கள் பலூனோடு ஊதலும் சேர்த்துக் கொடுப்பார்கள். இந்தக் கடைக்கு ஒரு கரடி வேஷம் வந்தது. அடுத்த வாரமே எதிர்க்கடையில் ஒரு யானை வந்து நின்றுவிட்டது.

கரடிக்குள் இருந்தது என் அப்பா. யானைக்குள் இருந்தது அம்மாவின் தம்பி, என் மாமா. இருவருக்கும் பெயின்ட் அடிக்கிற வேலை; மழைக்காலம் வந்தால் அது படுத்துவிடும். சைதாப்பேட்டையில் எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே சோறு. இது தெரிந்தால் இரண்டு முதலாளிகளும் துரத்திவிடுவார்கள் என்று அம்மாவுக்கு ஒரே பயம்.

"கடையாண்ட போய் நைனான்னு கூப்டே, தோலை உரிச்சிடுவேன்" என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப் போனாள்.

அதற்குள் இன்னொரு கவலையும் வந்திருந்தது. கூட்டம் சேராத வேஷத்துக்குத் தீபாவளி வரை வேலை கிடையாது என்று இரண்டு கடையிலும் சொல்லிவிட்டார்கள். எனக்கோ இரண்டு பக்கமும் கை தட்ட வேண்டும். எந்தப் பக்கம் முதலில் தட்டுவது என்பதே பெரிய பாடாக இருந்தது.

அந்த ஞாயிறன்று யானை விறுவிறுவென்று தெருவைக் கடந்து வந்து கரடியை ஒரு தள்ளு தள்ளியது. கரடி மல்லாந்து விழுந்தது. தலை கழன்று உருண்டது. உள்ளே வியர்த்து வழியும் அப்பாவின் முகம்! அம்மா சொன்னதெல்லாம் எனக்கு எங்கே நினைவிருக்கும்?

"யோவ் மாமா! எங்க நைனாவ வுடுய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடி யானையின் காலைக் கடித்தேன்.

தெருவில் எழுந்த சிரிப்பும் விசிலும் அடங்கவே இல்லை. முதலாளிகள் இருவரும் கோபமாகத்தான் வெளியே வந்தார்கள். நின்று பார்த்த கூட்டம் அப்படியே இரண்டு கடைக்குள்ளும் நுழைந்ததும் திட்ட வந்த வாயை மூடிக்கொண்டார்கள். வேலை போகவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! சண்டையை நான்தான் தீர்த்துவைத்தேன் என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டு வந்தேன்.

ஆனால் அடுத்த ஞாயிறு காலையிலேயே மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்பா அவர் பக்கமே திரும்பாமல் டீ குடித்தார்.

"இன்னா மாமா, திரும்பவும் சண்டையா?" என்றேன்.

"உங்க நைனாவ இன்னிக்கு இன்னா பண்றேன் பாரு" என்றார் மாமா.

எனக்கு அப்போதே அழுகை முட்டியது. அம்மா என்னவோ அவசர அவசரமாக எனக்குத் தலை வாரிப் பூ வைத்தாள். கடை வாசலில் "முன்னாடி போய் நல்லா நில்லுடி" என்று என்னைத் தள்ளியும் விட்டாள். நைனா என்று கூப்பிடாதே என்று அன்று அவள் சொல்லவே இல்லை. தீபாவளி வரை ஒவ்வொரு ஞாயிறும் கரடி விழுந்தது, நான் மனசாரக் கதறினேன், தெரு சிரித்தது.

அந்தத் தீபாவளிக்கு இரண்டு கடையிலிருந்தும் எனக்குக் கடைக்கொரு கவுன் வந்தது. எதிரிகளை ராசியாக்கி வைத்ததற்குப் பரிசு என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். அது சம்பளம் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.