குலுக்காதே அக்கா

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'குலுக்காதே அக்கா'. புதிதாகச் சேர்ந்தவர்கள் புரத மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தால் போதும், மூன்று மேசை தள்ளி இருந்தாலும் குரல் வந்துவிடும். "குலுக்காதே! நுரைச்சுப் போனா அது மருந்தே இல்ல!" வீட்டில் இருமல் மருந்தைக்கூடக் குலுக்க விடமாட்டாள். "குலுக்கித்தான் குடிக்கணும்னு அதுலயே போட்டிருக்குக்கா" என்று தம்பி காட்டினாலும் அவள் மனசு கேட்காது. மெல்லச் சுழற்றித்தான் ஊற்றுவாள். என்னத்தைச் சொல்ல!

அந்தத் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே ரத்தம் சரியாக உறையாது. லேசாக இடித்துக்கொண்டால்கூட முட்டி வீங்கிவிடும். ரத்தத்தை உறையவைக்கும் புரதத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் நரம்பில் ஏற்றியாக வேண்டும். உடம்பு அதை அவ்வளவு சீக்கிரம் தீர்த்துவிடும். அம்மா போன பிறகு ஊசி போடுவது அக்காதான். மீசை வளர்ந்து, படிப்பும் முடித்த பிறகும் கையை நீட்டுவது அவன், குத்துவது அவள்.

இப்போது அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது.

"அங்க யாருடா உனக்கு ஊசி போடுவா?"

"நானே போட்டுக்கிறேன்க்கா."

"கிழிச்ச! எங்க மருந்து வரட்டும், அப்புறம் போ."

எங்க மருந்து என்றால் அவள் செய்துகொண்டிருந்த மருந்து. அதே புரதத்தின்மேல் ரசாயன முறையில் நீளநீளமான வால்களை ஒட்டவேண்டும். வால்கள் தண்ணீரை இழுத்துக் கட்டிக்கொண்டு புரதத்தைப் போர்வைபோல மூடிக்கொள்ளும். உடம்பு அதைச் சட்டென்று அடையாளம் கண்டு அழிக்காது. வாரத்துக்கு ஓர் ஊசி போதும். ஆனால் ஆசை யாரை விட்டது? மாதத்துக்கு ஒன்று என்று ஆக்கிவிட்டால், தம்பி ஊசிக்கு மட்டும் வீட்டுக்கு வந்து போகலாமே! வால்களை இரண்டு மடங்காக்கிப் பார்க்கலாம் என்று பெரிய விஞ்ஞானியை நச்சரித்தாள். அவள் பிடி உடும்புப்பிடி. "சரிம்மா, செஞ்சு பாருங்க" என்று அவரும் விட்டுவிட்டார்.

எலிகளின் ரத்தத்தில் அந்த மருந்து நாள்கணக்கில் அழியாமல் நின்றது. அடேயப்பா, அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை! அடுத்தது ரத்தம் உறைகிறதா என்ற சோதனை. உறையவில்லை. திரும்பச் செய்தாள், அப்போதும் குழாயில் ரத்தம் தண்ணீராகவே ஓடியது.

பெரிய விஞ்ஞானி வந்து பார்த்தார். "புரதம் அங்கதாம்மா இருக்கு. ஆனா அது பிடிச்சு வேலை செய்யிற இடத்தையும் சேர்த்துப் போர்த்திட்டீங்க. பத்திரமா இருக்கு, வேலைதான் செய்யல. வாலைக் குறைச்சு முதல்லேருந்து வருவோம்."

முதலிலிருந்து என்றால் வருஷக்கணக்கு.

வீட்டில் அன்று ஊசி நாள். தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்த மருந்து இப்போதைக்கு வராதுடா."

"அப்ப நான் போகவே வேண்டாமா?"

பத்திரமா இருக்கு, வேலைதான் செய்யல. பெரியவர் சொன்னது அவள் காதில் மறுபடி விழுந்தது. புரதத்தைப் பற்றிச் சொன்னதுதான், ஆனாலும் தம்பியைப் பார்த்தபோது சுரீரென்றது. ஊசித் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "நீயே போடு. பார்க்கிறேன்."

அவன் மருந்துப்பொடியில் தண்ணீரை விட்டான். 'கு' என்று தொண்டைவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். அவன் மெல்லச் சுழற்றினான். முதல் குத்து தவறிப்போய் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருக்க என்ன பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அடுத்த கையில் நரம்பு சரியாகக் கிடைத்தது.

"டிக்கெட் எடுத்துடு" என்றாள்.

"அழாதக்கா."

"யாருடா அழுறா? போய்ப் பெட்டியைக் கட்டு. இருமல் மருந்தையும் எடுத்து வச்சுக்கோ."

"அதையாவது குலுக்கலாமா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "குலுக்கிக்கோடா."