படம் வரட்டும்

வலைப்பக்கம் முழுதாக வந்துவிட்டதா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கோவில்பட்டியில் வீட்டில் இருந்தபடியே ஒரு சென்னை கம்பெனிக்குச் சோதனை நிரல் எழுதுகிறேன். சுற்றுகிற வட்டம் நின்றதை நம்பாதே, பொத்தான் தெரிந்ததும் அழுத்தாதே, வெறும் சட்டகம் முதலில் வரும், உள்ளே இருக்கவேண்டியது பிறகுதான் வரும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு மணிக்கணக்கில் வகுப்பெடுப்பேன். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

அக்காவுக்குப் பயிர்க் காப்பீடு பதிய அன்று கடைசி நாள். என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தருகிற அடங்கல் கைக்கு வரவே அவ்வளவு நாளாகிவிட்டது. எட்டயபுரம் பக்கம் மூன்று ஏக்கர் கரிசலில் உளுந்து விதைத்திருந்தாள். போன வருஷம் பூக்கிற நேரத்தில் மழை ஏமாற்றியது, காப்பீடும் பதியவில்லை. காய்ந்த செடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டாள். இந்த வருஷமும் அப்படி ஆனால் அந்த ஆடுகளையும் விற்கவேண்டியதுதான். அதிலும் இந்தக் காப்பீட்டுப் பணம் ஊர்வாரியாகக் கணக்கிட்டுத்தான் கிடைக்கும். எங்கள் பக்கம் ஒரு ஊரில் பெய்கிற மழை அடுத்த ஊரை எட்டிக்கூடப் பார்க்காது. ஊர் மாறிப் பதிந்தால் பதிந்தும் பிரயோஜனமில்லை.

கடைசி நாள் கூட்டத்தில் காப்பீட்டு இணையதளம் ஊர்ந்தது. ஒருவழியாகச் சமர்ப்பித்தேன். ஒப்புகைச் சீட்டு திறந்தது, வட்டம் நின்றது. ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர் இல்லை. பட்டியலில் முதலாவதாக இருந்த வேறு ஏதோ ஊர். கீழே விண்ணப்பத்தை ரத்து செய்கிற பொத்தான் சிவப்பாகத் தெரிந்தது. ரத்து செய்துவிட்டு மறுபடி பதியலாம் என்று மவுஸை அங்கே நகர்த்தினேன்.

பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பொறுல. எம் படம் இன்னும் வரலை."

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று வந்தபோது வீட்டில் அவளைத்தான் நிறுத்தினார்கள். நான் பள்ளிக்கூடம் போனேன். அதனால் இ-சேவை மையத்தில் எந்தச் சீட்டு எடுத்தாலும், திரையில் தன் முகம் வரும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். முகம் வந்தால் அது அவள் சீட்டு. படத்துக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம், ஊரே தப்பாக இருக்கிறது என்று கத்தினேன். அவள் பிடியை விடவில்லை.

படம் வரவேண்டிய கட்டம் வெறும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஊர் பெயர் மாறியது. எங்கள் ஊர்தான். அதன் கீழே சர்வே எண்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியாக, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்காவின் முகம் வந்தது.

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. பொத்தானை மட்டும் அழுத்தியிருந்தால் அந்த நெரிசலில் மறுபடி பதிந்திருக்கவே முடியாது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று அக்கா கேலி செய்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு கையை எடுத்துவிட்டு, "முடிஞ்சிட்டு. இனி என்ன எழுதிருக்குன்னு வாசி," என்றாள்.

வாசித்தேன். அவள் பெயர், ஊர், பயிர், நிலத்தின் அளவு. இத்தனை வருஷத்தில் அக்காவுக்கு ஒரு காகிதம்கூட நான் வாசித்துக் காட்டியதில்லை என்பது பாதியில்தான் உறைத்தது. அடியில் பொடி எழுத்தில் இருந்த விதிமுறைகளையும் விடாமல் வாசித்தேன். அவள் போதும் என்று சொல்லவே இல்லை.