கரிசல் காட்டில் வெடிக்காத வீடு

பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கிற வேலை என்பது, முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று ‘உங்கள் வீடு ரொம்பப் பழசு’ என்று சொல்லிவிட்டு, அடி வாங்காமல் பஸ் ஏறுவது. ஊர் ஊராக அலைந்து லாட்ஜ் சுவரோடு பேசிப் பழகியவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும்.

டேப்பைக் கண்டால்

நாற்கரச் சாலைக்கு வீடு வாசல் போய்விடும் என்று எல்லோரும் கலங்கிக் கிடந்த நேரம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற ஒரு சென்னை அறக்கட்டளைக்காகக் கோவில்பட்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இடைசெவலில் ஒரு வீட்டு முன்னால் அளவு டேப்பை இழுத்ததும் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டிலும் அதே கதைதான். அன்று முழுக்க ஒருவரும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் கிளாஸை நீட்டியபடி சொன்னார்: “டேப்போட வந்தவன் எவன் சார் நல்லதுக்கு வந்திருக்கான்? குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸப் பிடிங்க.”

இன்னும் அளக்க இருக்கா?

பசுவந்தனைக்கு வெளியே, பருத்திக் காட்டின் நடுவில் அந்தக் கான்கிரீட் வீட்டைப் பார்த்தேன். சிமெண்டே அதிசயமாக இருந்த காலத்தில், அங்கே குடியிருந்த சங்கரபாண்டி அண்ணாச்சியின் தாத்தா கட்டியது. பலகை அடித்துக் கான்கிரீட் ஊற்றி எழுப்பிய சுவர்; பூச்சே கிடையாது. பலகையின் மரவரிகள் சுவரில் அப்படியே பதிந்திருந்தன; அந்த வீட்டின் மதிப்பே அதுதான். கோடையில் கரிசல் மண் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், வீட்டுச் சுவர்களும் சேர்ந்து வெடிக்கும். இதில் ஒரு கீறல் இல்லை.

மனைவி காலமான பிறகு அண்ணாச்சி அங்கே ஒண்டியாக இருந்தார். காட்டையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி திருப்பூரிலிருந்து மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். எங்கள் அறக்கட்டளை வீட்டைத் தேர்ந்தெடுத்துப் பராமரிப்பை ஏற்றுக்கொண்டால் விற்க வேண்டாம் என்று ஒருவழியாக இறங்கி வந்தான். அளந்து முடித்து நான் கிளம்பும்போது அண்ணாச்சி வரப்புவரை கூடவே வந்தார். “நீங்க போயிட்டா நான் யார்ட்ட பேச? நாளைக்கும் அளக்கதுக்கு ஏதாச்சும் இருந்தா வாங்க தம்பி.”

மறுநாளும் போனேன். அளந்த அறைகளையே மறுபடி அளந்தேன். எனக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது.

நிபுணர்கள் வந்த நாள்

வீட்டைப் பார்த்து முடிவு சொல்லச் சென்னையிலிருந்து வந்த நிபுணர்களை அழைத்துக்கொண்டு போன அன்று, தூரத்திலிருந்தே வீடு வேறாகத் தெரிந்தது. வாசலில் வாழை மரம், நிலையில் மாவிலை. சுவர் முழுக்க வழவழவென்று சிமெண்டு பூசி வாடாமல்லி நிறத்தில் பெயிண்ட். எதையும் இடித்துவிடாதீர்கள் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். அண்ணாச்சி எதையும் இடிக்கவில்லை. வெள்ளை வேட்டியில் பன்னீர்ச் செம்போடு நின்றார். வந்திருந்தவர்களில் ஒரு அம்மையார் பன்னீரைக் கைக்குட்டையால் துடைத்தபடி என்னிடம் கேட்டார்: “நீங்க சொன்ன அந்தப் பழைய வீடு எங்க இருக்கு?”

பதில் சொல்லப் போனது

வீடு தேறவில்லை. பூச்சைக் கொத்தி எடுத்தால் மரவரிகளும் சேர்ந்து போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். நானும் அறக்கட்டளையிடம் போனில் கெஞ்சிப் பார்த்தேன்.

விஷயத்தைச் சொல்லப் போனபோது அண்ணாச்சி துணிமணிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அறக்கட்டளையிலிருந்து மகனுக்குத் தகவல் முன்பே போயிருந்தது. மறுநாள் வண்டியோடு வருகிறானாம். பூசாமல் விட்டிருந்தால் வீடு தப்பித்திருக்குமே அண்ணாச்சி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நான் விவரம் கெட்டவன் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “எவ்வளவோ வருசம் கழிச்சு நாலு பேரு நம்ம வீட்டுக்கு வாராவ. பூசிப் பெயிண்ட் அடிக்காம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு, தம்பி, வாங்கன்னு சொல்ல?”

இந்தத் தொழிலில் பழைய வீடு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், உள்ளேயிருந்து ‘வாங்க’ என்று சொல்ல ஆள்தான் கிடைப்பதில்லை.