பீடித்தூள் தேய்த்த பின் கண்ணாடி

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; மறதியும் கூடிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் வாங்கியிருக்கும் காரில் பின் கண்ணாடிக்கும் ஒரு வைப்பர் இருக்கிறது. மழையில் அது தானாக ஆடித் துடைப்பதைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் அந்த வேலையை நான் செய்தேன்.

அத்தான், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர், இரணியலில் வாடகைக் கார் ஓட்டினார். கன்னம் வீங்கி எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்காவைத் திருப்பிக் கூட்டிப்போக ஒரு மழைநாளில் வந்தார். போகமாட்டேன் என்று அக்கா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“கெட்டிக் குடுத்தாச்சு. இனி உனக்கு இங்க என்ன சோலி?” என்றார் அப்பா. அம்மா மாப்பிள்ளைக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் காப்பி குடித்தபடியே என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, பொறத்த கண்ணாடி பூரா செளி. தொடச்சு விடு. ரிவர்ஸ் எடுத்து உங்க அப்பாக்க தெங்குல கொண்டு இடிக்கவா?”

பின் கண்ணாடியில் செம்மண் சேறு அப்பியிருந்தது. கழுவிவிட்டுப் பீடித்தூளை நனைத்துத் தேய்த்தால் மழைத்தண்ணீர் தங்காது என்று சொல்லி, தன் பீடி ஒன்றையும் தந்தார். பம்பரில் ஏறி நின்று தேய்த்தேன்.

துணிப்பையோடு வந்த அக்கா என் கையைப் பிடித்தாள். “வேண்டாம் மக்களே. அழுக்கு அப்பிடியே கெடக்கட்டு.”

“அழுக்கா இருந்தா நீ எங்கள எப்பிடிப் பாப்ப?” என்றேன். போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாவாடை நுனியால் இன்னொரு தடவையும் துடைத்தேன்.

“இவ கொள்ளாம். ஒனக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டா?” என்று அக்காவைக் கேட்டு அத்தான் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிணங்கி வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினால், வண்டி தெருமுக்கு திரும்பும் முன்னே நடைக் கதவைச் சாத்திவிட வேண்டும். இல்லையென்றால் அவள் மனசு இங்கேயே தங்கிவிடுமாம். கை காட்டிக்கொண்டு நின்ற என்னை அப்பா உள்ளே இழுத்து, கதவுக்குத் தாழ் போட்டார்.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. எவ்வளவு அடிபட்டும் வரவில்லை. அவள் செத்த சேதி வந்த அன்று, “இங்க ஓடி வந்திருக்கப்பிடாதா?” என்று ஊருக்கே கேட்கும்படி அப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அப்போது அதே கேள்விதான். அழுக்குக் கிடக்கட்டும் என்று அவள் சொன்னதையும் அப்பா போட்ட தாழையும் அந்த வயதில் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பழைய கார் ஓட்டினவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மழையில், பீடித்தூள் தேய்த்த அந்தக் கண்ணாடி வழியாக, சாத்தின கதவு பின் சீட்டில் இருந்தவளுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது என்றால் எனக்கு எழுதுங்கள். தெரிந்திருக்கும் என்றால் எழுத வேண்டாம்.