கிளீனரின் தட்டு

பக்கத்து வீட்டு அக்காவை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக நின்றபடியே மடிக்கிறாள். ஆறு மணி பஸ்ஸை விட்டு இறங்கும்போது செருப்பு கையில்தான் இருக்கும். வீங்கின காலில் அது நுழையாது.

"என்னக்கா, செருப்பு தேஞ்சிடும்னு பயமா?" என்பேன்.

"ஆமாண்டி, உனக்குத்தான் எழுதி வைக்கப்போறேன்."

வீட்டுக்கு வந்தால் மட்டும் உட்கார முடியுமா? அவள் புருஷன் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பின்பக்க ஜன்னலை ஒட்டின கட்டிலிலேயே கிடக்கிறார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்க்குழாய், துவைகல், அதைத் தாண்டினால் புதர்க்காடு. அவருக்கென்று ஒரு மஞ்சள் பூனை இருந்தது. லாரிப் பழக்கம் விடாமல் அதற்கு "கிளீனர்" என்று பெயர் வைத்திருந்தார். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, சாயங்காலம் குழாயடித் தட்டில் வைத்ததைத் தின்று, ஜன்னல் வழியாக வந்து அவருடைய செத்த காலின்மேல் படுத்துக்கொள்ளும். விளங்காத கையை அவர் அசைத்ததெல்லாம் அதைத் தடவத்தான். எந்த டாக்டர் சொல்லியும் அசைத்ததில்லை.

ஒருநாள் பூனை வரவில்லை. நரி திரிகிற இடத்தில் இதொன்றும் புதிதில்லை. இருட்டுவதற்குள் உள்ளே விட்டு ஜன்னலைச் சாத்து என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஆனால் அவரால் எழுந்து ஜன்னல் கதவை எட்ட முடியாது. அவள் வந்து சேரவே ஆறு மணி. யார் சாத்துவது?

மூன்றாம் நாள் அவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். மடிப்பக்கா வழக்கம்போலச் சோற்றில் மீன்தலையைப் பிசைந்து குழாயடியில் வைத்தாள். காலையில் தட்டு துடைத்த மாதிரி இருந்தது.

"உங்க கிளீனர் ராத்திரி வந்து தின்னுட்டுப் போயிருக்கான். ஊர் சுத்துற ருசி கண்டுட்டான், அதான் வீடு தங்கல."

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு தன் சாப்பாட்டுத் தட்டை இழுத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் குழாயடிச் சேற்றில் கால்தடம் பார்த்தேன். பூனைக்கு ஏது அவ்வளவு பெரிய கால்?

"அக்கா, இது நரி. பாம்புக்குப் பால் வார்த்த கதையாயிடும்."

அவள் துவைகல்லில் சாய்ந்து நின்றாள். "தெரியும்டி. அவரு சாப்பிடுறாரு, எனக்கு அது போதும். நீ வாயை மூடிக்கிட்டு இரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவளிடம் நியாயம் பேச மனசு வரவில்லை. மூடிக்கொண்டேன்.

நரிக்குப் பயம் விட்டுப்போயிற்று. முதலில் நடுராத்திரியில் வந்தது, பிறகு விளக்கு வைக்கிற நேரத்தில். அடுத்த வாரம் ஆறு மணி பஸ் சத்தம் கேட்டாலே புதரோரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பன்னிரண்டாம் நாள் கிளீனர் திரும்பி வந்தது. எந்தக் கிடங்கில் அடைபட்டுக் கிடந்ததோ, எலும்பும் தோலுமாக, மேலெல்லாம் சிமெண்ட் தூசி. நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குழாயடிக்குத் தன் தட்டைத் தேடிப் போயிற்று. பஸ் அப்போதுதான் வந்து போயிருந்தது.

அவர் ஜன்னல் கம்பியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். மடிப்பக்கா சோற்றுக் கிண்ணத்தோடு பின்கதவைத் திறந்தாள். அதற்குள் பூனை நரியின் வாயில் இருந்தது. ஆளைக் கண்டால் ஓட வேண்டிய நரி ஓடவில்லை. அவள் கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் கிண்ணத்தை விட்டெறிந்த பிறகுதான் பூனையோடு புதருக்குள் போயிற்று.

உள்ளே வந்து கட்டிலடியில் தரையில் உட்கார்ந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"நான்தாங்க அதைப் பழக்கிவிட்டேன். பூனை வந்துச்சுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். "ஜன்னல் என் பக்கம்தானே இருக்கு. வெளிய லைட்டும் எரியுது. முதல் நாளே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"அலுத்துப்போய் வர்றே. நான் ஒரு வாய் சாப்பிடணும்னு பொய் சொல்றே. அதையும் வேணாம்னா நீ என்ன பண்ணுவே?"

மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஆளுக்கொரு இரக்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாளும் ஆறு மணி பஸ் வந்தது. புதரோரம் நரியும் வந்து உட்கார்ந்திருந்தது. மடிப்பக்கா செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து, ஜன்னலைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் அவர் குரல் எனக்குக் கேட்டது.

"சோறு கொண்டா. இனிமே நீ பொய் சொல்லாமலே சாப்பிடுறேன்."