பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை

விற்பனைக்கு என்று பிரெஞ்சில் எழுதிய பலகையைப் பண்ணை வாசலில் அடித்தவன் நான்தான். பண்ணைக்காரக் கிழவர் பக்கத்தில் நின்று பலகையைப் பிடித்துக்கொண்டார். நேராக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நேராகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஆணியில் அடி சரியாக விழவில்லை.

மொன்றியலில் இருந்து பாலம் தாண்டித் தெற்கே ஒரு மணித்தியால ஓட்டம். நான் முதலில் மொன்றியலின் லாசால் பகுதியில் இருந்து மற்ற ஆட்களோடு வான் வண்டியில் ஏறி, நாள்கூலிக்குத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவன். கிழவருக்கு என்னைப் பிடித்துப்போய், மாடு பார்க்க நிரந்தரமாக வைத்துக்கொண்டார். பண்ணைக்குள்ளேயே ஒரு சின்ன வீடும் தந்தார். கலியாணம் முடித்த கையோடு நானும் மனைவியும் அங்கே குடிபோனோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு வருடம்.

நல்ல பண்ணை. மணல் நிலம் என்றாலும் குளம் வெட்டி, பம்ப் பூட்டி, நீளக் குழாய் இழுத்து வைத்திருந்தார். மழை இல்லாத மாதத்திலும் புல் பச்சையாக நிற்கும். உழவு இயந்திரம், வைக்கோல் உருட்டுகிற இயந்திரம், ஊசி போடுவதற்கு மாட்டை அசையவிடாமல் நிறுத்துகிற இரும்புக்கூடு, எல்லாம் இருந்தன. வாங்குகிறவன் சாவியைத் திருப்பினால் போதும் என்பார் கிழவர். அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. விற்காமல் என்ன செய்வார்?

மாட்டில் பெரிய வருமானம் வரவில்லை. வருமானம் வந்தது பறவை வேட்டையில். பெசன்ற் என்று ஒரு பறவை. எங்கள் சேவலைப் போல இருக்கும், வால் மட்டும் நீளம், உடம்பு செம்பு நிறம். கோடையில் குஞ்சாக வாங்கி வலைக்கூட்டுக்குள் வளர்ப்போம். இலையுதிர் காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சத்தைத் திறந்து புதர்ப் பற்றைக்குள் விடுவேன். சனிக்கிழமை காலையில் பட்டணத்துக்காரர் துவக்கோடும் நாயோடும் வருவார்கள். நாய் கிளப்பும், பறவை மேலே எழும்பும், சுடுவார்கள். நிலத்தில் நிற்கிற பறவையைச் சுடக்கூடாது. அது அவர்களுக்குள் ஒரு மானப் பிரச்சினை. எழும்பினால்தான் சுடுவார்கள்.

குஞ்சுகளுக்குத் தீன் போடுகிற வேலை என் மனைவியுடையது.

இப்போது பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பலகை அடிப்பதற்கு முந்திய வருடம் எங்கள் பிள்ளை எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தான். உயிரில்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய அடியாக இருந்தது. பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோவில் உண்டு. அதன் சேமக்காலை, கல்லறைகள் இருக்கிற நிலம், எங்கள் மேய்ச்சல் நிலத்தின் வேலியோடு முட்டிக்கொண்டிருக்கும். அங்கேயிருந்த வயதுபோன சுவாமி எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூலையில் இடம் காட்டினார், செபம் சொன்னார். பிள்ளையின் பெட்டியைக் கிழவரே கொட்டிலுக்குள் இருந்து அடித்து, சீவி, மெழுகு பூசித் தந்தார். அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

அதன் பிறகு மனைவி அதிகம் கதைக்கமாட்டாள். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் திறந்துவிட்டதும் செபமாலையை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போவாள். பேந்து வந்து குஞ்சுகளிடம் போவாள். அவற்றோடு மட்டும் அவளுடைய குரல் கேட்கும். "பா... பா... பா..." என்று வீட்டுக் கோழியைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுவாள். அவை ஓடிவந்து காலைச் சுற்றி நிற்கும். கிழவர் முதலில் சிரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பறவைக்கு மனிதப் பயம் போகக்கூடாது, போனால் எழும்பாது, தீனைப் போட்டுவிட்டு உடனே வெளியே வரச் சொல் என்றார். நான் அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

பண்ணை கைமாறினால் வீடு போகும். வீடு போனால் பிள்ளையை அந்த மூலையில் விட்டுவிட்டு லாசாலுக்குத் திரும்ப வேண்டும். எங்களிடம் வாகனம் இல்லை, அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை. ஆகவே எங்களை வைத்திருக்கக்கூடிய ஒருவரே அதை வாங்க வேண்டும் என்று நான் மாதாவிடம் மன்றாடினேன். மன்றாடிக்கொண்டே எனக்குத் தெரிந்த ஒரேயொரு வசதியான மனிதருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் ரொக்ஸ்பரோவில் பெரிய வீடும் பட்டணத்தில் பலசரக்குக் கடையும் வைத்திருந்தவர். சைவக்காரர், நல்ல வாய்க்காரர்.

ஆவணி கடைசியில் வந்து பார்த்தார். சப்பாத்தில் சாணி படாமல் இருக்க ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"தம்பி, உது முட்டுமோ?"

"முட்டாது அண்ணை. அது கன்று."

"கன்றே? என்ர வானளவு நிக்குது. பால் எவ்வளவு வரும்?"

"இது பால் மாடில்லை அண்ணை. இறைச்சிக்கு."

ஒரு அடி பின்னுக்கு வைத்தார். "நான் வாயில வைக்கமாட்டன். வித்தால் பிள்ளையார் கோவிப்பாரோ?"

"உங்கட பிள்ளையாரைப் பற்றி என்னட்டைக் கேட்டால்?"

"ஓமோம், நீ வேதக்காரன்." பெரிதாகச் சிரித்தார். வேட்டையைப் பற்றிச் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றது. "வெடிச்சத்தம் கேட்டு நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்ச வெள்ளையள் காசு குடுத்து வெடி வைக்கினமோ! சரி, நல்ல காசோ?"

"மாட்டை விட நல்லது."

"அப்ப அதுக்காகத்தான் வாங்கவேணும். எனக்கு மாட்டைக் கண்டால் பயம். நீயும் தங்கச்சியும் இப்ப இருக்கிற மாதிரியே இருங்கோ. ஆனால் ஒரு வேட்டையை என்ர கண்ணால பாக்கவேணும்."

அன்றைக்கு நான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டை நல்லாக இருந்தால் அவர் வாங்குவார், வாங்கினால் நாங்கள் இருக்கலாம், பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்றேன். அவள் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அந்த வருடத்தின் முதல் வேட்டைக்கு அவர் வந்தார். மூன்று வேட்டைக்காரர், ஒரு மண்ணிற நாய், கிழவர், கடைக்காரர், நான். பனி இன்னும் புல்லில் இருந்தது. நாய் பற்றைக்குள் போய் மோப்பம் பிடித்து நின்றது. வேட்டைக்காரன் துவக்கைத் தூக்கினான். பற்றைக்குள் இருந்து பறவை நடந்து வந்தது. சந்தைக்குப் போகிற பெண்மணி மாதிரி ஆறுதலாக நடந்து வந்து, அவனுடைய சப்பாத்தடியில் நின்று முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று, பின்னால் இன்னும் இரண்டு. தீன் எங்கே என்று கேட்கிற மாதிரி அவனைச் சுற்றி நின்றன. அவன் காலால் ஒன்றைத் தள்ளினான். அது செட்டையை ஒருமுறை அடித்து, ஒரு முழம் தள்ளி இருந்துகொண்டது. நாய்க்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. குந்தியிருந்து எசமானைப் பார்த்தது.

கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, இதுக்குத் துவக்கு வேண்டாம், பெரிய பிரம்புக் கூடை கொண்டுவா!"

வேறு யாரும் சிரிக்கவில்லை. வேட்டைக்காரர் வெடி வைக்காமலே திரும்பிப்போனார்கள். இனி வரப்போவதில்லை என்று கிழவரிடம் சொன்னது எனக்கும் விளங்கியது. கடைக்காரர் வானில் ஏறும்போது என் தோளில் கை வைத்தார். சிரிப்பு முழுக்க நின்றுவிட்டது.

"குறை நினையாத தம்பி. உதுவும் இல்லையெண்டால் நான் மாட்டுக்குப் பின்னால திரியவோ? உனக்குப் பட்டணத்தில வேலை வேணுமெண்டால் கடைக்கு வா."

நான் நேரே வீட்டுக்குள் போனேன். அவள் மேசையில் இருந்து பீன்ஸ் முறித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கூட்டுக்குள்ள நிண்டு தீன் குடுத்தனியோ?"

"ஓம்."

"கையால?"

"கையாலதான். முதல் நாளில இருந்து."

"நான் சொன்னதெல்லாம் உனக்கு விளங்கேல்லையோ? அந்த மனுசன் வாங்காட்டி நாங்கள் பிள்ளையை விட்டுட்டுப் போகவேணும். அது தெரிஞ்சும் செய்தனியோ?"

"தெரிஞ்சுதான் செய்தனான்."

அவள் பீன்ஸைப் பக்கத்தில் தள்ளி வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சனிக்கிழமை மாட்டோட நிப்பியள். நான் வேலியடியில நிக்கிறனான். ஒவ்வொரு வெடிக்கும் அந்த மண் அதிருது. என்ர காலுக்குக் கீழ அதிருது. பிள்ளை படுத்திருக்கிற இடம். பக்கத்தில இருக்கிறம், பக்கத்தில இருக்கிறம் எண்டுகொண்டு அதை வருசம் வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லுறியளோ?"

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீங்கள் அழுவியள். பேந்து நான் விட்டிருப்பன்."

நான் வெளியே போனேன். கோபத்தில் பம்பைத் திறந்து, தேவையில்லாமல் ஈரப்புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். அவள்மேல் கோபம், கடைக்காரர்மேல் கோபம், சொல்லக்கூடாது, மாதாமேலும் கோபம்.

ஞாயிறு பூசைக்குப் போகுமுன் கிழவர் வந்தார். யார் பழக்கியது என்று கேட்டார். நான் சமாளிக்க வாயெடுக்குமுன் அவள் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நான்தான், என்றாள். வேலிப்பக்கம் கையைக் காட்டி, சத்தம் என்றாள். அவளுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. கிழவர் அந்தப் பக்கம் பார்த்தார். பெட்டி அடித்தவர் அவர். தொப்பியைக் கழற்றி மீண்டும் போட்டுக்கொண்டு, பூசைக்கு நேரமாகிறது, ட்ரக்கில் ஏறுங்கள் என்றார்.

பண்ணை முழுசாக விற்கவில்லை. மாடுகள் ஏலத்துக்குப் போயின. குழாயும் பம்பும் வேறொருவன் கொண்டுபோனான். நிலத்தைச் சோளம் போடுகிற பக்கத்துத் தோட்டக்காரன் வாங்கினான். அவனுக்கு எங்கள் வீடு தேவையில்லை, நாங்களும் தேவையில்லை. பறவைகளைக் கூட்டைத் திறந்து விட்டோம். ஒரு மூட்டை சோளத்தை அவள் பற்றையடியில் கொட்டினாள். முதல் பனி விழுந்த காலையில் இறகுகள் கிடந்தன, நரி வந்த தடம் கிடந்தது. அவை அந்தக் குளிரைத் தாங்காது என்று கிழவர் முன்பே சொன்னவர்தான். அவள் இறகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்களுக்குச் செய்யத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள்.

லாசாலில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்தோம். நான் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினேன். கடைக்காரரிடம் போகவில்லை. பெருமை என்று சொல்லமாட்டேன், அந்தச் சிரிப்பை இன்னொருமுறை கேட்க ஏலாது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் மரித்தோர் நாளுக்கு ஒருவரின் வானைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனோம். சோளம் வெட்டி முடித்து நிலம் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் வீட்டை இடித்திருந்தார்கள். சேமக்காலை மூலையில் இலைகளைக் கூட்டி அள்ளினோம். காற்றின் சத்தம் மட்டும்தான். அவள் நிலத்தில் முழங்காலில் இருந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து, "நல்ல நித்திரை" என்றாள். எட்டாம் மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு ஆறுதலை நான் கண்டதில்லை.

அவள் மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளைக்காகவும் கிழவருக்காகவும் சோளக்காரனுக்காகவும்கூட செபம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன். எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆண்டவரே, அந்தப் பண்ணையைத்தான் திரும்பக் கேட்டிருப்பேன்.