யாரும் தள்ளாத பந்தயம்

காடு வெட்டிக் காணி கொடுத்த எங்கள் குடியேற்றத் திட்டத்தில் என்னைக் கேட்டுவிட்டு என் வண்டியைத் தள்ளியவர் ஒருவருமில்லை. சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து என் கால்கள் சூம்பிப் போயின. மூன்று சில்லு வண்டி ஒன்றில் இருந்துகொண்டு, கைபிடியைச் சுற்றிச் சுற்றி நானே ஓட்டித் திரிவேன். மணல் தெருவில் மாட்டுவண்டித் தடத்துக்குள் சில்லு அடிக்கடி இறங்கிவிடும். உடனே வயலுக்குப் போகிறவர், கடைக்குப் போகிறவர் எல்லாரும் பின்னால் வந்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போவார்கள். மண்ணெண்ணெய் வாங்கப் புறப்பட்ட என்னைக் கோயில் வாசலில் கொண்டுபோய் விட்ட புண்ணியவானும் உண்டு. நல்ல மனிதர்கள்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை வருடப் பிறப்புக்கு, வாய்க்கால் கரைத் தெருவில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். தலையணைச் சண்டை, கயிறிழுத்தல், சைக்கிள் ஓட்டம். அடுத்த வாய்க்கால் பக்கத்தில், பாலைப்பழம் பிடுங்க மரத்தில் ஏறி விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன ஒருவர் இருந்தார். அவரிடமும் என்னுடையதைப் போலவே ஒரு வண்டி இருந்தது. எங்கள் இருவருக்கும் ஓர் ஓட்டம் வைக்கச் சொல்லி ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையாரிடம் கேட்டேன்.

"உனக்கேன் பிள்ளை இந்தக் கரைச்சல்?"

"கரைச்சல் எனக்குத்தானே, உங்களுக்கில்லையே?"

என் இரண்டு கைகளாலும் இன்னொருவரை வெல்ல முடியுமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறொன்றும் வேண்டாம்.

விசில் ஊதியதும் பாதித் தூரம் வரை நான்தான் முன்னால் போனேன். பின்னால் அவருடைய சில்லு மணலில் புதைந்தது. "ஐயோ பாவம்" என்று யாரோ சொன்னதுதான் தாமதம், நாலைந்து பேர் பாய்ந்து அவரைத் தள்ளத் தொடங்கினார்கள். இது அநியாயம் என்று பொங்கிய எங்கள் பக்கத்து ஆட்கள் ஓடிவந்து என்னைத் தள்ளினார்கள். "விடுங்கோ! விடுங்கோ!" என்று நான் கத்தியதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். கைபிடி தன்பாட்டில் சுழன்று என் விரல்களில் அடித்தது. கோட்டைத் தாண்டிய பிறகு, யார் வென்றது என்று தள்ளினவர்களுக்குள் பெரிய வாய்த்தர்க்கம்.

விதானையார் சமாதானம் பேச வந்தார். பரிசுக்கு இருந்தது ஒரேயொரு பித்தளைச் செம்பு. "ரெண்டு பேரும் வெண்டதெண்டு வைப்பம். மற்றச் செம்பை நான் வாங்கித் தாறன்" என்றார்.

"நான் வெல்லேல்லை. என்னைத் தள்ளினவைதான் வெண்டவை. திரும்ப ஓடுவம்" என்றேன்.

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஓம், ஓடுவம்" என்றார்.

கயிறிழுத்த வடத்தைத் தெருவோரமாகக் கட்டி, சனத்தை அதற்கு அப்பால் நிறுத்தினார்கள். மறுபக்கம் வாய்க்கால். இந்த முறை புதைந்தது என் சில்லு. முடிவுக்கோடு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அம்மா வடத்துக்குக் கீழே குனிந்துவிட்டார்.

"தொடாதேங்கோ, அம்மா!"

அவர் அப்படியே நின்றார். அப்படி நிற்க எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று இப்போதுதான் விளங்குகிறது. வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, மணலைத் திட்டி, ஒருவழியாக நான் வெளியே வந்தபோது மற்ற வண்டிக்காரர் கோட்டைத் தாண்டிப் போயிருந்தார். நானும் ஓட்டிப்போய் முடித்தேன். தோற்ற ஆத்திரத்தில் அழுகை வந்தது.

செம்பு அவர் கைக்குப் போனது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "தம்பி, அதை அந்தப் பிள்ளைக்குக் குடன். பாவமெல்லே" என்றார். நாலு பேர் அதற்குத் தலையாட்டினார்கள்.

அவர் செம்பை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஏன் குடுக்கோணும்? நானெல்லோ வெண்டனான்!"

கூட்டம் முகம் சுளித்தது. நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். என்னைப் பார்த்துப் பாவப்படாத ஒரு மனிதரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.